மூச்சுக்காற்றிலிருந்து ஆற்றல் கணக்கு: உடற்பயிற்சி, ஊட்டச்சத்து ஆய்வகத்தில் சோதனை நடத்தும் முறை

ஓய்வில் இருக்கும் ஒருவர் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார், சைக்கிள் மிதிக்கும்போது கொழுப்பை எரிக்கிறாரா மாவுச்சத்தை எரிக்கிறாரா, சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்ற கேள்விகளுக்குப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பெரும்பாலும் மூச்சுக்காற்றையும் ரத்தத்தையும் கொண்டே விடை தேடுகின்றன. கருவி எந்த நிலையிலும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். குழாயில் கசிவு இருந்தாலும் கொடுக்கும். வந்தவர் காலையில் காபி குடித்திருந்தாலும் கொடுக்கும். அந்த எண்ணை நம்பலாமா என்பது சோதனை தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் முன்தயாரிப்பைப் பற்றியதுதான். புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்களும் ஆய்வக உதவியாளர்களும் முதலில் கற்க வேண்டியதும் அதுவே.

அறை

வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி செல்சியஸுக்குள் நிலையாக இருக்கட்டும். அதைவிட முக்கியமானது காற்றோட்டம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம். சிறிய அறையில் கதவை மூடிக்கொண்டு நான்கு பேர் இருந்தால் அது எளிதில் 0.10 சதவீதத்தைத் தொடும். ஹூட் (படுத்திருப்பவரின் தலையை மூடி மூச்சுக்காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் கூடு) வைத்து ஓய்வுநிலை அளவீடு செய்யும்போது வெளிவரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 1 சதவீதமே இருக்கும். உள்ளே போகும் காற்று 0.04 என்று மென்பொருள் எடுத்துக்கொள்ள, உண்மையில் 0.10 இருந்தால், அந்த ஒரு காரணத்தாலேயே கார்பன் டை ஆக்சைடு உற்பத்தி 6 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும். அறையில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரை நிரந்தரமாக வையுங்கள். உள்ளிழுக்கும் காற்றின் அளவை ஊகமாக விடாமல் ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் அளந்து பதியுங்கள்.

காற்றழுத்தத்தை உள்ளிடும்போது ஒரு பொறி இருக்கிறது. வானிலைத் தளங்கள் தரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிடப்பட்டது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆய்வகத்தில் உண்மையான அழுத்தம் சுமார் 680 மி.மீ. பாதரசம், தளத்தில் 760க்கு அருகில் போட்டிருப்பார்கள். அதை அப்படியே உள்ளிட்டால், திட்ட நிலைக்கு (0 டிகிரி, 760 மி.மீ., ஈரமற்ற காற்று) மாற்றும்போது கன அளவு 11 சதவீதத்துக்கு மேல் பிழையாகும். அறைக்குள்ளேயே ஒரு பாரோமீட்டர் வேண்டும்.

ட்ரெட்மில்லின் பின்புறம் குறைந்தது 2 மீட்டர் காலியிடம் விடுங்கள். ஏஇடி கருவியும் (நின்றுபோகும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தருவது) அவசர உதவித் தள்ளுவண்டியும் சோதனை நடக்கும் அறையிலேயே இருக்க வேண்டும். நடைபாதையின் கடைசியில் பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை. தசைத் துணுக்குகளை உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வைத்திருக்கும் அறையில் ஆக்சிஜன் எச்சரிக்கை மணி கட்டாயம். 1 லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகி அறைக் காற்றைத் தள்ளிவிடும். மூச்சுத் திணறல் எதுவும் தெரியாமலேயே ஆள் மயங்கி விழுவார்.

கருவியைச் சரிபார்த்தல்

கருவியைச் சோதனைக்குக் குறைந்தது 30 நிமிடம் முன்பே இயக்கிவிடுங்கள். ஆக்சிஜன் உணரியும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் அகச்சிவப்பு உணரியும் சூடேறி நிலைப்படாமல் செய்யும் கேலிபரேஷன் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துதல்) அரை மணி நேரத்தில் நகர்ந்துவிடும்.

வாயுவுக்கு இரண்டு புள்ளிகள்: வெளிக்காற்று (ஆக்சிஜன் 20.93 சதவீதம்), சான்றளிக்கப்பட்ட சிலிண்டர் (ஆக்சிஜன் 16, கார்பன் டை ஆக்சைடு 4 அல்லது 5, மீதி நைட்ரஜன்). சிலிண்டரின் சான்றிதழில் உள்ள துல்லியமான எண்ணையே உள்ளிடுங்கள்; 15.97 என்று இருந்தால் 16 என்று சுருக்க வேண்டாம். ரெகுலேட்டரைத் திறந்ததும் குழாயில் தேங்கியிருக்கும் பழைய காற்று வெளியேற அரை நிமிடம் விடுங்கள். புதுச் சிலிண்டர் மாட்டும்போது பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு சொன்னால், எது சரி என்று தெரியும்வரை சோதனை வேண்டாம்.

மூச்சின் கன அளவை அளக்கும் காற்றோட்ட உணரிக்கு 3 லிட்டர் சிரிஞ்ச். ஒரே வேகத்தில் தள்ளினால் போதாது. மெதுவாகச் சில தடவை, நடுத்தரமாகச் சில, மூச்சிரைக்கும் வேகத்தில் சில என்று மாற்றி மாற்றித் தள்ளுங்கள். எல்லா வேகத்திலும் 3 சதவீதத்துக்குள் வர வேண்டும். மெதுவான வேகத்தில் மட்டும் குறைவாகக் காட்டினால் உணரிக்குள் சுழலும் டர்பைனில் உமிழ்நீரோ தூசியோ ஒட்டிக்கொண்டு உராய்கிறது. சிரிஞ்சை அதே அறையில்தான் வைக்க வேண்டும். குளிர்ந்த கிடங்கிலிருந்து எடுத்து வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கணக்கைக் கெடுக்கும்.

ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக அளக்கும் கருவிகளில் தாமத நேரம் என்று ஒன்று உண்டு. காற்றோட்டம் உடனே பதிவாகும். வாயு மாதிரியோ மெல்லிய குழாய் வழியே உணரிக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். மென்பொருள் இரண்டையும் பொருத்திக் கணக்கிடுகிறது. குழாய்க்குள் ஒரு துளி நீர் சேர்ந்தாலே ஓட்டம் குறைந்து தாமதம் கூடும், பொருத்தம் தவறும். மூச்சு வேகமாகும்போது இந்தப் பிழை பெரிதாகும். அதனால் ஓய்வில் சரியாகத் தெரிந்த எண்கள் உச்ச உழைப்பில் மட்டும் கெட்டுப்போகும். ஈரத்தை உறிஞ்சும் நஃபியான் குழாயை உற்பத்தியாளர் சொல்லும் காலக்கெடுவில் மாற்றுங்கள். நன்றாகத்தான் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. புரதத்தை ஒதுக்கிவிட்டால், ஆய்வாளர் ஃப்ரெய்ன் 1983இல் தந்த சமன்பாடுகள் இவை (வாயுக்கள் லிட்டர்/நிமிடத்தில், விடை கிராம்/நிமிடத்தில்):

கொழுப்பு = 1.67 × ஆக்சிஜன் − 1.67 × கார்பன் டை ஆக்சைடு
மாவுச்சத்து = 4.55 × கார்பன் டை ஆக்சைடு − 3.21 × ஆக்சிஜன்

ஆக்சிஜன் 2.00, கார்பன் டை ஆக்சைடு 1.70 என்றால் கொழுப்பு 0.50 கிராம், மாவுச்சத்து 1.32 கிராம். இப்போது கார்பன் டை ஆக்சைடு அளவீட்டில் வெறும் 1 சதவீதப் பிழை, அதாவது 1.717 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு 0.47க்கு இறங்கும், மாவுச்சத்து 1.39க்கு ஏறும். 1 சதவீதப் பிழை ஏறத்தாழ 6 சதவீதமாகிவிட்டது. உணவு மாற்றத்தால் கொழுப்பு எரிப்பு 6 சதவீதம் குறைந்தது என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கசிவை எண்களே காட்டிக்கொடுக்கும், ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்தால் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும். இரண்டின் விகிதமான சுவாசப் பரிமாற்ற விகிதம் அப்படியே இருக்கும். விகிதம் நன்றாக இருக்கிறது என்பதால் சோதனை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டும் குறைந்து விகிதம் மாறாமல் இருந்தால் கசிவையோ காற்றோட்ட உணரியையோ தேடுங்கள். விகிதமே விசித்திரமாக இருந்தால் வாயு உணரியைத் தேடுங்கள். மாஸ்க் மாட்டியதும் காற்று போகும் வழியை உள்ளங்கையால் மூடி ஊதச் சொல்லுங்கள். மூக்குத் தண்டின் இருபுறமும் தாடையின் அடியிலும் கை வைத்துப் பாருங்கள். அடர்ந்த தாடி உள்ளவருக்கு மாஸ்க் சரியாகப் பொருந்தாது. வாய்க்குழலும் மூக்குக் கிளிப்பும் கொடுங்கள்.

சாராயம் எரித்துப் பார்த்தல்

ஹூட் அமைப்பு முழுவதையும் ஒரே அடியில் சோதிக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. தூய எத்தனால் 1 கிராம் முழுதாக எரிந்தால் 1.46 லிட்டர் ஆக்சிஜன் தீரும், 0.97 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும், விகிதம் 0.667. இது வேதியியல், யாருடைய கருவியானாலும் மாறாது.

சிறு ஸ்பிரிட் விளக்கை 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்துப் பதியுங்கள். பிளாஸ்டிக் ஹூட்டுக்குள் வைக்கக் கூடாது. உலோக அல்லது கண்ணாடிக் கூண்டை அதே குழாயோடு இணையுங்கள். விளக்கு ஏற்றிய நொடியிலிருந்து அணைத்த நொடி வரை எடை குறைந்த அளவும், அதே நேரத்தில் கருவி காட்டிய மொத்த வாயுவும் பொருந்த வேண்டும். 20 முதல் 30 நிமிடம் எரியட்டும். அணைத்தபின் கூண்டுக்குள் மிஞ்சிய வாயு முழுதும் வெளியேறும் வரை அளவீட்டைத் தொடருங்கள். மீட்பு (எரிந்த எடைப்படி வர வேண்டிய வாயுவில் கருவி காட்டிய பங்கு) 97 முதல் 103 சதவீதம், விகிதம் 0.65 முதல் 0.69 என்றால் ஏற்கலாம்.

தவறும் இடங்கள் மூன்று. 95 சதவீத எத்தனாலைத் தூயது என்று கணக்கிட்டால் மீட்பு எப்போதும் குறைவாகவே வரும். திரி நீளமாக இருந்தால் எரியாத ஆவி வெளியேறி எடை மட்டும் குறையும். தராசிலிருந்து கூண்டுக்குக் கொண்டுபோகும் நேரத்திலும் ஆவியாகும், மூடி போட்டே எடுத்துச் செல்லுங்கள். மெத்தனாலும் இதே 0.667 விகிதம்தான், ஆனால் அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, ஆவியும் நச்சு. எத்தனாலே போதும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உடற்பயிற்சியின்போது வரும் பெரிய காற்றோட்டத்தை விளக்கால் உருவாக்க முடியாது. அதற்கு ஆய்வகத்திலேயே ஆரோக்கியமான ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே உணவுக் கட்டுப்பாட்டோடு, 100 வாட்டில் 6 நிமிடம், 150 வாட்டில் 6 நிமிடம் மிதிக்கட்டும். கடைசி 2 நிமிடச் சராசரியை வரைபடத்தில் குறியுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஆக்சிஜன் நுகர்வு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.57, 2.11 லிட்டர் எதிர்பார்க்கலாம். தனி எண்களைவிட இடையில் உள்ள வித்தியாசம் பயனுள்ளது: 50 வாட்டுக்குச் சுமார் அரை லிட்டர், எடை எதுவானாலும். அவருடைய வழக்கமான அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் சோதனைகளை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

அப்போது சைக்கிளையும் சந்தேகிக்க வேண்டும். உராய்வு வகை எர்கோமீட்டரில் (சுமையை அளந்து வைக்கும் சைக்கிள்) ஒரு சுற்றுக்குச் சக்கர விளிம்பு 6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று, 1 கிலோ சுமை என்றால் 59 வாட். தெரிந்த எடையைப் பட்டையில் தொங்கவிட்டு ஊசி அதே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். ட்ரெட்மில்லுக்குப் பட்டையின் முழு நீளத்தை அளந்து, ஓரத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டுங்கள். நீளம் 3.20 மீட்டர் என்றால், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 20 சுற்றுக்கு 23.0 நொடி ஆக வேண்டும். மேலே ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் எடுங்கள். காலிப் பட்டை பெரும்பாலும் சரியாகவே ஓடும், ஆள் ஏறியதும்தான் சறுக்கும்.

பங்கேற்பவரைத் தயார்செய்தல்

முந்தைய 24 மணி நேரம் கடும் உடற்பயிற்சியும் மதுவும் வேண்டாம். 12 மணி நேரம் காபி, தேநீர் வேண்டாம். 10 முதல் 12 மணி நேரம் உணவில்லை, தண்ணீர் குடிக்கலாம். முதல்நாள் இரவு உணவை ஆய்வகமே எடைபோட்டுக் கொடுத்தால் மிக நல்லது. முந்தைய நாள் மாவுச்சத்து நிறைய உண்டவருக்கும் குறைவாக உண்டவருக்கும் காலையில் சுவாசப் பரிமாற்ற விகிதம் வேறுபடும். நீங்கள் ஆராயும் விளைவையே அது மறைத்துவிடலாம். வரும்போது வாகனத்தில் வரச் சொல்லுங்கள்.

காலையில் “விதிகளைப் பின்பற்றினீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். மருந்துகள், உறங்கிய நேரம், மாதவிடாய் தொடங்கிய தேதி எல்லாவற்றையும் பதியுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், எழுத்துபூர்வச் சம்மதம், உடல்நலக் கேள்வித்தாள் ஆகியவை முடியாமல் யாரையும் சைக்கிளில் ஏற்றக் கூடாது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதைப் படிவத்தில் எழுதியதோடு நிறுத்தாமல், வாயாலும் சொல்லுங்கள்.

ஓய்வுநிலை அளவீடு

மங்கிய வெளிச்சத்தில் 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்கட்டும். செல்போன் வேண்டாம், தூங்கவும் கூடாது. ஹூட்டைப் போட்டதும் உறிஞ்சும் வேகத்தை மாற்றி, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை 0.8 முதல் 1.2 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். முதல் 5 நிமிடத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்த 15 முதல் 20 நிமிடத்தில் அலைவு 10 சதவீதத்துக்குள் (முடிந்தால் 5க்குள்) இருக்கும் தொடர்ச்சியான 5 நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆய்வாளர் வெய்ர் 1949இல் தந்த சமன்பாட்டின்படி, நிமிடத்துக்கான கிலோகலோரி = 3.941 × ஆக்சிஜன் + 1.106 × கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் 0.250, கார்பன் டை ஆக்சைடு 0.200 லிட்டர் என்றால் 1.206, 1,440ஆல் பெருக்கினால் நாளுக்குச் சுமார் 1,740 கிலோகலோரி. வெறும் வயிற்றில் இருப்பவருக்கு விகிதம் 0.95க்கு மேல் வந்தால், பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுகிறார் அல்லது சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். 0.67க்குக் கீழே வந்தால் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

படிப்படியாகக் கூடும் உழைப்பு

உச்ச ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் சோதனை 8 முதல் 12 நிமிடத்தில் முடிய வேண்டும். அதைவிடச் சுருக்கமானால் இதயமும் நுரையீரலும் உச்சத்தைத் தொடும் முன்பே சுமை மிஞ்சிவிடும். நீண்டால் கால் சோர்வும் சலிப்பும் முந்திக்கொள்ளும். எதிர்பார்க்கும் உச்ச வாட்டைப் பத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்பது கிடைக்கும்: 250 வாட் என்றால் நிமிடத்துக்கு 25. சைக்கிளில் அமர்ந்தபடி 3 நிமிடம், லேசான மிதிப்பில் 3 நிமிடம், பிறகு ஏற்றம். இருக்கை உயரத்தை எழுதிவையுங்கள்; அடுத்த வருகையில் அதே உயரம் வேண்டும். ஊக்கமூட்டும் சொற்களும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். உற்சாகமாகக் கத்தும் உதவியாளர் இருந்த நாளும் மௌனமானவர் இருந்த நாளும் ஒரே முடிவைத் தராது.

நெஞ்சுவலி, தலைசுற்றல், தடுமாற்றம், சுமை கூடியும் இறங்கும் மேல் ரத்த அழுத்தம், 250ஐத் தாண்டும் மேல் அழுத்தம், இசிஜியில் தீவிர மாற்றம், அல்லது “போதும்” என்ற சொல்: இவற்றில் எது வந்தாலும் உடனே சுமையைக் குறையுங்கள். ஆனால் ஆளைச் சட்டென்று நிற்கவைக்காதீர்கள். கால் தசைகளின் இயக்கம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். நல்லபடியாக முடிந்தவரும் 3 முதல் 5 நிமிடம் லேசாக மிதித்தபின்தான் இறங்க வேண்டும்.

உச்ச மதிப்பாக ஒற்றை மூச்சின் எண்ணை எடுக்காதீர்கள். 30 நொடிச் சராசரிகளில் உயர்ந்ததை எடுங்கள். சுமை கூடியும் நுகர்வு நிமிடத்துக்கு 150 மி.லி.க்குக் குறைவாகவே ஏறினால் சமநிலை எட்டியதாகக் கொள்வது வழக்கம். பலருக்கு அது தெரிவதில்லை. வயதை வைத்துக் கணிக்கும் இதயத்துடிப்பைக் கொண்டு முடிவு செய்வதைவிட, 10 நிமிட ஓய்வுக்குப் பின் எட்டிய உச்ச வாட்டின் 110 சதவீதத்தில் முடிந்தவரை மிதிக்கச் சொல்லி ஒப்பிடுவது மேல். இரண்டும் பொருந்தினால் அந்த எண்ணை நம்பலாம்.

கொழுப்பு எரிப்பை அறியும் சோதனைக்கு இந்த வேகம் ஆகாது. படிக்கு 3 முதல் 5 நிமிடம், 20 முதல் 35 வாட் ஏற்றம், ஒவ்வொரு படியிலும் கடைசி 2 நிமிடம் மட்டும் கணக்கில். உச்ச நுகர்வில் 75 முதல் 80 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தத்தின் பைகார்பனேட் அமிலத்தைச் சமன்செய்து கூடுதல் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். அதற்கு மேல் ஃப்ரெய்ன் சமன்பாடு பொருந்தாது.

ரத்தம், உடலமைப்பு, சமையலறை

விரல்நுனி ரத்தத்தில் லாக்டேட் (கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் பொருள்) அளக்கும்போது வியர்வையைத் துடைத்து, முதல் துளியையும் துடைத்துவிடுங்கள். வியர்வையிலேயே லாக்டேட் நிறைய உண்டு. முழங்கைச் சிரையில் கேனுலா (ரத்தம் எடுக்கும் மெல்லிய குழாய்) போட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் முதல் 2 மி.லி.யை ஒதுக்குங்கள், இல்லையேல் சலைன் கலந்த ரத்தமே கிடைக்கும். குளுக்கோஸுக்கான ஃப்ளூரைடு குழாய் உடனடியாக வேலை செய்யாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ரத்த அணுக்கள் சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்து, விரைவில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். சீரம் குழாயைப் பனிக்கட்டியில் வைக்காமல், உறைய அறை வெப்பத்தில் 30 நிமிடம் விடுங்கள். சேமிப்பு மைனஸ் 80 டிகிரியில், ஒரு மாதிரியைப் பல சிறு குழாய்களாகப் பிரித்து. உருக்கி மீண்டும் உறையவைப்பது பல ஹார்மோன்களைக் கெடுக்கும்.

குளுக்கோஸ் சோதனைக்கு நீரற்ற குளுக்கோஸ் 75 கிராம். கையிலிருப்பது நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் வகை என்றால் 82.5 கிராம். புட்டியின் பெயர்ச்சீட்டைப் படிக்காமல் நிறுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

டெக்சா (கொழுப்பு, தசை, எலும்பை எக்ஸ்ரேயால் அளக்கும் ஸ்கேன்) எடுக்கும் முன் வெறும் வயிறு, காலியான சிறுநீர்ப்பை, உலோகம் எதுவும் உடலில் இல்லை, கருவுற்றிருக்க வாய்ப்பில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். உங்கள் ஆய்வகத்தின் துல்லியத்தை நீங்களே அளக்க வேண்டும்: 30 பேரை இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் எழுந்து மீண்டும் படுக்கவைத்து. கிடைக்கும் துல்லியப் பிழையை 2.77ஆல் பெருக்கினால் வருவதே உண்மையான மாற்றம் என்று சொல்லக்கூடிய மிகச் சிறிய அளவு.

ஆய்வுச் சமையலறையில் எல்லாம் சமைக்கும் முன்பும் பின்பும் எடைபோடப்படும். தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் குழம்பும்கூடக் கணக்குதான். வழித்துச் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள், மீந்ததை நிறுத்துப் பதியுங்கள். ஒவ்வொரு உணவிலும் அதே அளவு இன்னொரு பங்கைத் தயாரித்து அரைத்து மைனஸ் 20 டிகிரியில் வைத்தால், பின்னர் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைச் சரிபார்க்கலாம்.

சோதனை முடிந்ததும்

கருவியை அணைக்கும் முன் அதே சிலிண்டர் வாயுவை மீண்டும் ஒருமுறை செலுத்துங்கள். ஆரம்பத்தில் காட்டியதற்கும் இப்போது காட்டுவதற்கும் 0.05 சதவீதப் புள்ளிக்கு மேல் வேறுபாடு இருந்தால், அந்தக் கோப்பில் குறிப்பு எழுதுங்கள். ஓய்வுநிலை அளவீடானால் மறுபடி எடுங்கள். சராசரி எடுத்த அட்டவணையோடு மூல மூச்சுப் பதிவையும், அறை வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், சிலிண்டர் எண் ஆகியவற்றையும் சேமியுங்கள். மாஸ்க்கையும் டர்பைனையும் கிருமிநாசினியில் குறித்த நேரம் ஊறவைத்து, தூய நீரில் மெதுவாக அலசுங்கள். டர்பைனைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் பிடித்தால் இதழ் வளைந்துவிடும். முழுதும் உலர்ந்த பிறகே அடுத்தவருக்கு. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று பேரை அளப்பதாக இருந்தால் மூன்று டர்பைன்களை வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிரிஞ்ச் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.